மாத்திரை மாறினால் சொல்லிவிட்டுக் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

முடக்குவாதத்துக்காகப் பல வருடங்களாக மெத்தோட்ரெக்சேட் சாப்பிட்டு வருகிறேன். வாரத்துக்கு 15 மில்லிகிராம். 2.5 மில்லிகிராம் மாத்திரை ஆறு, ஞாயிற்றுக்கிழமை ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு. எங்கள் வீட்டில் அதற்குப் பெயரே ஞாயிறு மாத்திரைதான். போன மாதம் வழக்கமான கடையிலிருந்து வந்த அட்டையைப் பிரித்தால், மாத்திரை கொஞ்சம் பெரிதாக இருந்தது. நிறம் அதே மஞ்சள். அட்டையைத் திருப்பிப் பார்த்தால் எழுத்து பாதிதான் இருக்கிறது. பெயரும் அளவும் இருந்த பக்கத்தைக் கத்தரிக்கோலால் வெட்டி வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். பில்லைத் தேடி எடுத்தபோதுதான் விஷயம் புரிந்தது. வேறு கம்பெனி, ஒரு மாத்திரை 7.5 மில்லிகிராம். பழக்கத்தில் ஆறைப் போட்டிருந்தால் 45 மில்லிகிராம் உள்ளே போயிருக்கும்.

கடையில் கேட்டேன். "அதே மருந்துதாம்மா. உங்க கம்பெனி ஸ்டாக் இல்ல. இதுல ரெண்டு போட்டாப் போதும்" என்றார் அங்கிருந்த தம்பி. கணக்கு என்னவோ சரிதான். அதைக் கொடுக்கும்போதே சொல்லியிருக்கலாமே!

தலைவலி மாத்திரை என்றால் இதைப் பெரிதுபடுத்த மாட்டேன். மெத்தோட்ரெக்சேட் அப்படிப்பட்டதில்லை. அதிக அளவில் புற்றுநோய்க்கும், சிறிய அளவில் வாரம் ஒருமுறை மூட்டு நோய்க்கும் கொடுக்கிற மருந்து அது. அளவு மீறினால் முதலில் வாயெல்லாம் புண்ணாகும். ரத்த அணுக்கள் சரிந்து, தொற்று பிடித்து, உயிருக்கே ஆபத்தாகலாம். அளவு சரியாக இருக்கும்போதே அவ்வப்போது ரத்தம், கல்லீரல் பரிசோதனை செய்துகொள்ளச் சொல்கிறார்கள். போதாததற்கு, இதன் பக்கவிளைவைக் குறைக்கத் தருகிற ஃபோலிக் ஆசிட் மாத்திரையும் பல கம்பெனிகளில் மஞ்சள்தான். ஒன்று வாரம் ஒருமுறை, இன்னொன்று மற்ற நாட்களில். இரண்டும் கைமாறிப் போய், வார மருந்தைத் தினமும் விழுங்கி ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்களைப் பற்றி வாத நோய் மருத்துவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

ஐரோப்பிய மருந்து முகமை 2019-இல் இதைத் தனியாக ஆராய்ந்து, மாத்திரையை டப்பாவில் கொட்டித் தராமல் அட்டையில்தான் தரவேண்டும், 'வாரம் ஒருமுறை' என்ற எச்சரிக்கை உறையில் இருக்க வேண்டும், நோயாளிக்கு ஒரு சிறு குறிப்புச் சீட்டும் சேர்த்துத் தரவேண்டும் என்று பரிந்துரைத்தது. நம் ஊரில் அட்டை கிடைக்கிறது; அதைத்தான் வெட்டிவிடுகிறோம்.

சட்டம் இல்லாமலும் இல்லை. 1945-ஆம் ஆண்டு மருந்து விதிகளில் 65 (11ஏ) என்று ஒன்று இருக்கிறது. டாக்டர் சீட்டு இருந்தால்தான் விற்கலாம் என்கிற ஷெட்யூல் ஹெச் பட்டியல் மருந்தைச் சீட்டில் எழுதியிருந்தால், அதே மருந்து அடங்கியதாக இருந்தாலும் வேறு தயாரிப்பைக் கடைக்காரர் தன் இஷ்டத்துக்கு மாற்றித் தரக் கூடாது. மெத்தோட்ரெக்சேட் அந்தப் பட்டியலில்தான் வருகிறது. விலை குறைந்த ஜெனரிக் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மாதச் செலவு என்னவென்று எனக்கும் தெரியும். கம்பெனி மாறட்டும், மில்லிகிராம் மாறும்போது வாயைத் திறந்து சொல்லுங்கள் என்கிறேன்.

இந்த நோய்க்காரர்களின் விரல்களையும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். காலையில் எழுந்தால் கை மடங்க ஒரு மணி நேரமாகும். பலருக்கு அட்டையைக் கிழித்துத் தருவதே மகளோ மருமகளோதான். அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் "மஞ்சள், ஆறு" என்ற எண்ணிக்கை. அதனால் டாக்டர்கள் சீட்டில் 'ஆறு மாத்திரை' என்று எழுதுவதைவிட '15 மி.கி., ஞாயிறு மட்டும்' என்று எழுதினால் நல்லது. அதுவும் படிக்கிற மாதிரி!

கடைக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த மருந்தை மட்டுமாவது முழு அட்டையாகக் கொடுங்கள். வெட்டித்தான் ஆகவேண்டும் என்றால், கவரின் மேல் பெயர், மில்லிகிராம், கிழமை மூன்றையும் பேனாவால் எழுதிக் கொடுங்கள். மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் கடைகளுக்குச் சோதனைக்குப் போகும்போது இதையும் கேட்க வேண்டும். அட்டையின் பின்பக்கம் 'வாரம் ஒருமுறை மட்டும்' என்று தமிழிலும் அச்சிட வைக்க முடியுமா என்பதையும் அரசு பார்க்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தஞ்சாவூர்.