சுவருக்குப் பின்னால் உள்ள நிலத்தையும் கணக்கில் சேருங்கள்

கடல் தடுப்புச் சுவர்களுக்கு அலைக் கணக்குப் போடும் பொறியாளர்களுக்கும், அதைப் பார்த்துக் கையெழுத்திடும் அதிகாரிகளுக்கும்,

வணக்கம். போன வாரக் கூட்டத்தில் நீங்கள் போட்டுக் காட்டிய சிமுலேஷன் வீடியோவைப் பற்றித்தான் எழுதுகிறேன். பெரிய அலை ஒன்று வருகிறது, சுவரில் மோதி எழும்புகிறது, கொஞ்சம் தண்ணீர் உச்சியைத் தாண்டுகிறது, அதோடு படம் முடிந்துவிடுகிறது. தாண்டிய தண்ணீர் எங்கே போனது என்று கேட்டேன். "மாடல் சுவரோடு முடிகிறது" என்றீர்கள். அது முடிகிற இடத்தில்தான் எங்கள் வீடு தொடங்குகிறது.

போன புயலில் சுவர் உடையவில்லை, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அலை மேல் அலையாகத் தாண்டி வந்த தண்ணீர் திரும்பிப் போக வழியில்லாமல், அதே சுவருக்குப் பின்னால் தேங்கி நின்றது. கடல் அடங்கி, வெயில் அடித்த பிறகும் வீட்டுக்குள் முழங்காலளவு உப்புத்தண்ணீர். படுத்த படுக்கையாக இருக்கும் என் அம்மாவின் கட்டில் கால்களுக்கு அடியில் ஒவ்வொரு செங்கல்லாக வைத்து உயர்த்தினோம். செங்கல் தீர்ந்ததும் புத்தகங்களை அடுக்கினோம். இரண்டு இரவு அம்மா தூங்கவே இல்லை, தண்ணீர் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று இருட்டில் கையைத் தொங்கவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார். உங்கள் அறிக்கையில் அந்த நாள் "சுவர் எதிர்பார்த்தபடி செயல்பட்டது" என்று ஒரே வரியில் முடிந்துவிட்டது.

அறிக்கை தாண்டும் நீரின் சராசரியை மட்டும் சொல்கிறது. ஒரு மீட்டர் சுவருக்கு நொடிக்கு 1 லிட்டர் என்றால் படிப்பவருக்குச் சின்னதாகத்தான் தெரியும். 100 மீட்டர் நீளச் சுவரில் ஒரு மணி நேரத்துக்கு அது 3,60,000 லிட்டர். அதுவும் சீராகச் சொட்டுவதில்லை, பெரும்பகுதியைச் சில பெரிய அலைகளே கொண்டுவந்து கொட்டுகின்றன. ஆளைத் தள்ளிவிடுவதும் கதவைப் பெயர்ப்பதும் அந்தச் சில அலைகள்தான். சராசரியில் அவை காணாமல் போய்விடுகின்றன.

கணக்கிட முடியாத காரியத்தைக் கேட்கவில்லை. அலை சுவரில் அறையும்போது இடையில் சிக்கும் காற்று நசுங்கி, சில மில்லிநொடிகளில் அழுத்தம் எகிறும். அதைப் பிடிக்க இடத்தை மிக நுண்ணிய கட்டங்களாகப் பிரித்துக் கணக்கிட வேண்டும், நாள்கணக்கான கணினி நேரமும் வேண்டும் என்பது புரிகிறது. ஆனால் நிலத்தில் தண்ணீர் பரவுவதற்கு அவ்வளவு நுணுக்கம் தேவையில்லை. சுவரைத் தாண்டும் நீரை எடுத்து, ஆழமற்ற நீரின் ஓட்டத்தைக் கணக்கிடும் சமன்பாடுகளில் கொடுத்தால் தெருத் தெருவாக எவ்வளவு நிற்கும், எப்போது வடியும் என்று வந்துவிடும். ஓப்பன்ஃபோம் (OpenFOAM), டூயல்எஸ்பிஹைசிக்ஸ் (DualSPHysics) போன்ற, நீரின் ஓட்டத்தைக் கணக்கிடும் மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கிற காலத்தில் மாடலைச் சுவரோடு நிறுத்துவது ஒரு முடிவு, அந்த முடிவை யாரோ எடுத்திருக்கிறார்கள். எடுத்தவர்கள் எங்களைக் கேட்கவில்லை.

சுவரின் பின்பக்கத்தை விட்டுவிட்டால் சுவருக்கே ஆபத்து என்பதை நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. 2011 மார்ச் 11 ஆழிப்பேரலையில் ஜப்பானின் வடகிழக்குக் கரையில் பல சுவர்கள் சரிந்ததற்கு, மேலே வழிந்த நீர் நிலப்பக்க அடிவாரத்தை அரித்தது ஒரு முக்கியக் காரணம். முன்பக்கத்தில் எவ்வளவு கான்கிரீட் ஊற்றினாலும் பின்காலில் மண் போனால் என்ன நிற்கும்?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். சோதனையில் சேர்க்காமல் விட்டதுதான் கடைசியில் காலை வாருகிறது. போர்ச்சுகலின் சினெஸ் துறைமுகத்தில் ஒவ்வொன்றும் 42 டன் எடையுள்ள டோலோஸ் எனும் கான்கிரீட் கட்டைகளை அலையின் வேகத்தைத் தணிக்க அடுக்கிய அலைத்தடுப்பு, வேலை முடியும் தறுவாயில் 1978 பிப்ரவரிப் புயலில் சிதைந்தது. முன்பே சிறிய மாதிரி செய்து சோதித்திருந்தார்கள், ஆனால் அந்த மாதிரிக் கட்டைகள் அசல் கான்கிரீட்டைப் போல உடையக்கூடியவை அல்ல. ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஆகிறது. இன்னமும் எதை விட்டுவிட்டோம் என்று அறிக்கையில் ஒரு பக்கம் எழுத மனம் வரவில்லை என்றால் கோபம் வராமல் என்ன செய்யும்? எந்த அலை உயரம், எந்தக் கடல் மட்டம் வைத்துக் கணக்கிட்டீர்கள் என்று கேட்டால்கூட "அது டெக்னிக்கல்" என்று ஒதுக்குகிறீர்கள். வீட்டுக்குள் தண்ணீர் அளந்தவர்களுக்கு அந்த எண்கள் புரியும்.

சரி, குரல் உயர்ந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் உழைப்பையோ திறமையையோ நான் குறை சொல்லவில்லை. பணிவாகக் கேட்பது ஒன்றுதான்: புதிய சுவருக்கு ஒப்புதல் தரும் முன் சுவருக்குப் பின்னால் உள்ள நிலத்தையும் கணக்கில் சேருங்கள். வீடுகள், தெருக்கள், வடிகால் எல்லாவற்றையும் சேர்த்து அதே அலையை மறுபடி ஓட்டுங்கள். பயன்படுத்திய அலை உயரம், ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் இடையிலான நேரம், கடல் மட்டம் ஆகியவற்றோடு முடிவை வெளியிடுங்கள். அடுத்த கூட்டத்தில் அந்த வீடியோவைத் தண்ணீர் வடிந்து முடிகிற வரை போட்டுக் காட்டுங்கள். எவ்வளவு நேரமானாலும் உட்கார்ந்து பார்க்கிறோம்.

இப்படிக்கு,
சுவருக்குப் பின்னால் குடியிருப்பவன்