ஏன் இந்த மாச தேயிலைக்கு வேற வாசம்? எங்க வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

வணக்கம் அண்ணன்மார், அக்காமார், தம்பி தங்கச்சிமார் எல்லாருக்கும்,

போன கிழமை கொழும்புல இருந்து ஒரு அக்கா கோல் எடுத்தாங்க. "தங்கச்சி, பொங்கல் முடிஞ்ச கையோட அனுப்பின தேயிலை பொன் நெறத்துல அருமையா இருந்திச்சு, இப்ப வந்தது என்னமோ தைலம் மாதிரி வாசம் அடிக்குது, எங்கள ஏமாத்தி வேறத அனுப்பிட்டீங்களா"ன்னு கேட்டாங்க. அதுக்கப்புறம் கண்டில இருந்து ரெண்டு பேரு, லண்டன்ல இருந்து ஒரு தம்பி, எல்லாரும் அதே கேள்வி. கடைல நின்னுக்கிட்டே கோல்ல முழுசா வெளங்கப்படுத்த ஏலாது, அதான் ஆற அமர ஒக்காந்து எல்லாருக்குமா எழுதுறேன்.

ஆமாங்க, தேயிலை மாறித்தான் இருக்கு. வேணும்னுதான் மாத்தினோம். தை மாசிக்கு நாங்க அனுப்பினது டிம்புள்ள பக்கத்து தேயிலை, அதாவது ஹட்டன், பொகவந்தலாவ, தலவாக்கல பக்கம். இப்ப ஆடில அனுப்புறது எங்க ஊவா தேயிலை, பண்டாரவள, ஹப்புத்தள, வெலிமட பக்கம். ரெண்டும் சிலோன் டீதான், ரெண்டுமே உசர மலைத் தேயிலதான், ஆனா ரெண்டுக்கும் நல்ல காலம் ஒண்ணு இல்ல.

இதுக்கு காரணம் காத்து. மே மாசத்துல இருந்து தென்மேல் பருவக்காத்து மழையக் கொண்டாந்து மேக்கு பக்க மலைகள்ல கொட்டிரும், அந்த நேரத்துல ஹட்டன் பக்கம் போனீங்கன்னா கொடைய மடக்க நேரம் கெடைக்காது. அதே காத்து மலைமுகட்ட தாண்டி எங்க பக்கம் எறங்கயில ஈரமெல்லாம் போய் காஞ்ச காத்தா வருது. கச்சான் காத்துன்னு சொல்லுவோம். ஜூலைல இருந்து செப்டம்பர் வரைக்கும் அது அடிக்கிற அடில கூரைத் தகரம் ராத்திரியெல்லாம் படபடன்னு அடிச்சுக்கிட்டு கெடக்கும், காயப்போட்ட துணி ஒரு மணித்தியாலத்துல மொறுமொறுன்னு ஆயிரும். அந்தக் காத்துக்கு கொழுந்து வேகமா வளராது, சுருங்கி நிக்கும், கெடைக்கிறதும் கொறவுதான், ஆனா அந்தக் கொஞ்சத்துலதான் வாசம் பூரா எறங்கி நிக்கும். அந்த அக்கா தைலம்னு சொன்னது தப்பே இல்லீங்க, கை கால் ஒளைச்சலுக்கு பூசுற வின்டர்கிரீன் எண்ணெயில இருக்க மெத்தில் சாலிசிலேட்டுங்கற அதே பொருள்தான் சீசன் ஊவா தேயிலைலயும் இயற்கையா உண்டாகுது. கொழும்பு ஏலத்துல வாங்குறவங்க இந்த வாசத்த தேடித்தான் கூடுதல் வெல குடுப்பாங்க.

டிம்புள்ள பக்கம் இதுக்கு நேர் தலகீழ். அவங்களுக்கு ஜனவரில இருந்து மார்ச் வரைக்கும்தான் நல்ல காலம், பகல்ல வெயில், ராத்திரில பல்லு தந்தியடிக்கிற குளிர், மழை இல்ல. நான் பொறந்தது பொகவந்தலாவ பக்கம் ஒரு தோட்டத்துல, கட்டிக்கிட்டு வந்தது பண்டாரவளைக்கு, அதனால ரெண்டு தேயிலையும் எனக்கு சொந்தம், எது ஒசத்தின்னு கேட்டா சொல்ல மாட்டேன்.

வெளிநாட்டுல திராட்ச வைன் வாங்குறவங்க எந்த ஊர், எந்த வருசம்னு கேட்டுத்தான் வாங்குவாங்க, ஷாம்பெய்ன்னா பிரான்ஸ்ல அந்த ஊர்ல செஞ்சதாத்தான் இருக்கணும்னு சட்டமே இருக்கு. எங்க நுவரெலியா தேயிலைய சிலோன் டீயோட ஷாம்பெய்ன்னு சொல்லுவாங்க, ஆறாயிரம் அடிக்கு மேல வெளையிற லேசான தேயிலை அது. 1867ல ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவுல 19 ஏக்கர்ல போட்ட தேயிலை இன்னைக்கு ஏழு பிரதேசமா பிரிஞ்சு நிக்குது, ஒவ்வொண்ணுக்கும் தனி ருசி, ஆனா நம்ம ஆளுங்க கடைக்குப் போய் "தேயில ஒரு பக்கெட்"னு மட்டும் கேட்டு வாங்கிட்டு வாறத பாத்தா எனக்கு மனசு கேக்காது. அந்தக் கொழுந்த பறிச்சது நம்ம அம்மாமாரு, அம்மாயிமாரு. எந்த மலைன்னு தெரிஞ்சு குடிக்கிற உரிமை மொதல்ல நமக்குத்தானே இருக்கு.

சரி, எப்படி ஊத்துறதுன்னு சொல்லிர்றேன். ஒரு கோப்பைக்கு ஒரு தேக்கரண்டி, தண்ணி அப்பதான் பொங்கி வந்ததா இருக்கணும், ஏற்கனவே கொதிச்சு ஆறினத திரும்ப கொதிக்க வைக்காதீங்க, மூடி வச்சு மூணு நாலு நிமிசம். ஊவாவுக்கு பால் ஊத்தலாம், வாசம் அடங்காது. டிம்புள்ளைக்கு கொஞ்சமா ஊத்துங்க. நுவரெலியாவுக்கு பாலே வேணாம், பிளேன்டீயா குடிங்க. ஊத்தின பெறகு கீழ கெடக்குற சக்கைய ஒரு தடவ பாருங்க, நல்ல சீசன் தேயிலைன்னா புதுசா வெளக்கின செம்புக் கொடம் மாதிரி பளிச்சுன்னு இருக்கும், மொகத்துக்கிட்ட கொண்டு போனா ஆவியோட அந்த வாசம் ஏறும். மசாலா டப்பாவுக்குப் பக்கத்துல மட்டும் தேயிலைய வைக்காதீங்க, ரெண்டு நாள்ல மல்லி வாசம் புடிச்சிரும்.

நான் பொறந்த தோட்டத்துல மாசி மாசம் காமன் கூத்து நடக்கும், சிவன் மன்மதன எரிச்ச கதைய ஆடுற கூத்து அது. அமாவாசை கழிஞ்சு காமன் கம்பம் ஊண்டினதுல இருந்து காமன எரிக்கிற ராத்திரி வரைக்கும் தப்பு சத்தம் ஓயாது, ரதியும் மதனும் வேசங்கட்டி, லயம்னு சொல்ற தோட்டத்து வரிசை வீடு ஒவ்வொண்ணுக்கும் ஆடிக்கிட்டு வருவாங்க. பொடிசுங்க நாங்க எல்லாம் கம்பளிய போத்திக்கிட்டு முழிச்சிருப்போம். கோயிலுக்குப் பின்னால மூணு கல்லு வச்சு பெரிய அண்டாவுல தேத்தண்ணி கொதிக்கும், சீனி போட மாட்டாங்க, உள்ளங்கைல ஒரு துண்டு கித்துள் பனைக் கருப்பட்டி வைப்பாங்க, அதக் கடிச்சுக்கிட்டே ஊதி ஊதி குடிக்கணும். அது சரியா டிம்புள்ள சீசன் நேரம். எங்கப்பா அப்ப ஃபெக்டரில வேலை, பறிச்சு ரெண்டு நாள்கூட ஆகாத தேயிலை அந்த அண்டாவுல இருக்கும். அந்த ருசிதான் இந்தக் கடையோட தொடக்கம், அதனாலதான் மாசிக்கு டிம்புள்ளையும் கருப்பட்டியும் சேத்து ஒரே பெட்டில அனுப்புறோம். சில பேரு கருப்பட்டி வேணாம்னு சொல்றீங்க, பரவால்ல, ஆனா ஒரு தடவையாவது சீனி இல்லாம அப்படி குடிச்சுப் பாருங்க.

கித்துள் பாணி, அதாவது கித்துள் பதனிய காய்ச்சி எடுக்குற பாகு, ஏன் எப்பவும் கெடைக்கிறதில்லன்னு கேக்குறீங்க. கித்துள் மரம் பூ விடத் தொடங்கவே பத்து வருசத்துக்கு மேல ஆகும். பூப்பாளைய சீவி காலையும் அந்தியும் ஏறி பதனி எறக்கணும், நாங்க வாங்குற கிராமத்து மாமா அறுவது வயசு தாண்டியும் மூங்கில் கட்டி ஏறுறாரு, அவரு பிள்ளைங்க யாரும் ஏற மாட்டாங்க. ஏழெட்டு போத்தல் பதனிய காய்ச்சினா ஒரு போத்தல் பாணி தேறும். அடமழைன்னா பதனில தண்ணி கலந்துரும், அந்த நாள்ல அவரு காய்ச்சவே மாட்டாரு.

ரெண்டு வருசத்துக்கு முந்தி சித்திரை வருசப்பொறப்புக்கு ஓடர் கூடிப்போய், அவருகிட்ட இல்லன்னு வேற ஒரு ஆள்கிட்ட இருவது போத்தல் வாங்கி அனுப்பிட்டோம். ஒரு மாசத்துல போத்தல் அடியில கல்லு கல்லா சீனி உறைஞ்சு நிக்கிதுன்னு ஒவ்வொருத்தரா படம் எடுத்து அனுப்பினீங்க. அன்னைக்கு எனக்கு சோறு எறங்கல. இருவது பேருக்கும் காசத் திருப்பிக் குடுத்தோம். அதுல இருந்து மாமாகிட்ட இருந்தா உண்டு, இல்லன்னா இல்லதான், தயவுசெஞ்சு கோவிச்சுக்காதீங்க.

அதே பதனிய காய்ச்சாம விட்டா சில மணித்தியாலத்துலயே தானா நொதிச்சு கள்ளாயிரும். பாணிக்குன்னு எறக்குறவங்க அதுக்குத்தான் ஹல் மரத்துப் பட்டைய முட்டிக்குள்ள போடுவாங்க, நொதிக்க விடாது. கித்துள் கள்ளு அனுப்ப ஏலுமான்னு சில அண்ணன்மார் கேக்குறீங்க. லைசன் இல்லாம விக்க ஏலாது, பார்சல்ல போனா வழியிலேயே புளிச்சும் போயிரும். ஆனா லைசன் கெடைச்சாலும் நாங்க விக்க மாட்டோம். லயத்துல வளந்த ஆளு நான், சம்பள நாள் ராத்திரி கசிப்புங்கற கள்ளச்சாராயத்த குடிச்சிட்டு வந்து அடுப்ப ஒதச்சு தள்ளினத பக்கத்து காம்பராவுல இருந்து கேட்டு வளந்தவ. கித்துள் கள்ளும் கசிப்பும் ஒண்ணில்லன்னு எனக்கும் தெரியும், கிராமத்துல மரத்தடில ஒரு கோப்பை குடிக்கிறவங்கள நான் கொற சொல்லல, ஆனா எங்க பெட்டிக்குள்ள அது வராது. டிசம்பர்ல இஞ்சி வைன் மட்டும் போடுவோம், பேர்தான் வைன், இஞ்சியும் கராம்பும் கறுவாப்பட்டையும் தேசிக்காயும் சீனியும் போட்டு காய்ச்சுறது, சின்னப் பிள்ளைங்களும் குடிக்கலாம்.

இந்த மாசப் பெட்டிக்கு வாறேன். ஊவா தேயிலை, பீஓபி ரகம் (ஒடைச்ச இலைத் தேயிலை), கால் கிலோ. அதோட நம்ம ஊர் பேரிக்காய், வெலிமட பக்கம் தோட்டத்துல இருந்து நேரா எடுத்தது. இது கடைல வாற வெளிநாட்டு பேர்ஸ் மாதிரி வழுவழுன்னு இருக்காது, கல்லு மாதிரி கெட்டியா, தோல் சொரசொரன்னு இருக்கும், அதுக்காக பழுக்கலன்னு தூக்கிப் போட்டுராதீங்க, அது அப்படித்தான். மெல்லிசா சீவி உப்பும் மொளகாத்தூளும் தூவி சாப்புடுங்க, இல்லன்னா வினாகிரி ஊத்தி அச்சாறு போடுங்க. பாணி இருந்தா தேங்காய்ப்பூ போட்ட ரொட்டிய சூடா தட்டி அது மேல ஊத்தி சாப்புட்டு, பெறகு ஊவா தேத்தண்ணி ஒரு மடக்கு. கச்சான் காத்து அடிக்கிற காலைல எங்க வீட்டு சாப்பாடு அதுதான். பட்டர் புரூட் இந்த தடவ அனுப்பல, பஸ்ல அடிபட்டு கறுத்துப் போகுது.

ஒரு உதவி கேக்கணும். உங்க ஊர் கோயில் திருவிழா, ஆடிப்பூசை, தேர் எந்த நாள்னு எங்களுக்கு முன்கூட்டியே சொல்லுங்க. அன்னதானத்துக்கு தேத்தண்ணி ஊத்துறதா இருந்தா கிலோ கணக்குல வேணும், அதுக்கு பீஓபி சரிவராது, டஸ்ட் ரகம்தான் சாயம் ஏறும், ஒரு கெழமைக்கு முந்தி சொன்னா எடுத்து வைப்போம். மாத்தள முத்துமாரியம்மன் பஞ்சரத பவனிக்கு போன தடவ கடைசி நேரத்துல கேட்டவங்களுக்கு குடுக்க ஏலாம போனது இன்னும் மனசுல கெடக்கு.

வெறும் பாணி போத்தல கழுவி வெயில்ல காயவச்சு வச்சிருங்க, அடுத்த பெட்டி கொண்டு வாற தம்பி வாங்கிட்டு வருவாரு. வாற வெள்ளியும் சனியும் எங்க தோட்டத்துக் கோயில் ஆடிப்பூசை, கடை பூட்டு. ஞாயித்துக்கிழமை காலைல ஏழு மணிக்கு தொறந்துருவோம்.

அன்போட,
பண்டாரவளையில இருந்து உங்க கடைக்காரி