ஹட்டன் தேயிலை ஸ்டோரில் ஃபிட்டராக இருக்கும் தம்பிக்கு: கப்பல் எங்கே கெடும்?

அன்புள்ள தம்பி,

கரையோரப் போர்க்கப்பல் ஒன்றில் முதலில் கெடுவது எது என்று கேட்டிருந்தீர்கள். லயத்துக் கூரையை ஒரு தடவை நிமிர்ந்து பாருங்கள். தகரத்தின் நடுவில் துரு தொடங்குவதில்லை. ஆணி இறங்கிய ஓட்டையைச் சுற்றித்தான் தொடங்கும். கப்பலிலும் அப்படித்தான். இரண்டு தகடோ, இரண்டு உலோகமோ, இரண்டு எஞ்சினோ சேரும் இடம்தான் வில்லங்கம்.

முதலில் எடை. ஆழம் குறைந்த நீரில் வேகமாக ஓட வேண்டுமானால் கப்பல் இலேசாக இருக்க வேண்டும். வேகத்தை இரட்டிப்பாக்க எஞ்சின் சக்தி ஏறக்குறைய எட்டு மடங்கு வேண்டும் என்பது பழைய கணக்கு. அதனால்தான் அலுமினியத்தைத் தேடுகிறார்கள். ஒரு கனமீற்றர் உருக்கு 7,850 கிலோ, அலுமினியம் 2,700 கிலோ. ஆனால் எடை மூன்றில் ஒன்றாகிவிடும் என்று நம்பிவிடாதீர்கள். அலுமினியத்தின் விறைப்பும் உருக்கில் மூன்றில் ஒன்றுதான். தகட்டைத் தடிப்பாக்கி, உள் விலாக்களை நெருக்கி வைத்தால், மிச்சமாவது பாதி அளவுதான். தீயும் ஒரு தொல்லை. 200 பாகை செல்சியஸ் தாண்டினாலே அலுமினியம் தளரத் தொடங்கும். ஆகவே எஞ்சின் அறைச் சுவருக்குத் தீத்தடுப்புப் போர்வை கட்ட வேண்டும், அதுவும் எடைதான்.

இனி ஒட்டு. அலுமினிய வெல்டிங் உருக்கு வெல்டிங் மாதிரி மன்னிக்காது. உலோகம் 660 பாகையில் உருகும், அதன் மேல் படியும் ஒட்சைட்டுப் படலமோ 2,000 பாகை தாண்டித்தான் உருகும். படலத்தை எடுக்காமல் சுட்டால் அது ஒட்டுக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும். முதலில் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்துவிட்டு, பிறகுதான் பிரஷ் போட வேண்டும். முறை மாறினால் பிசுக்கைத் தகட்டுக்குள் தேய்த்து ஏற்றியது போலாகும். பிரஷ் துருப்பிடிக்காத உருக்குக் கம்பியில் இருக்க வேண்டும், வேறு இரும்பைத் தொட்டிருக்கக் கூடாது. உங்கள் ஊர் மூடுபனி போன்ற ஈரம் தகட்டில் படிந்தால், அதிலிருந்து வரும் ஐதரசன் ஒட்டெல்லாம் பொத்தல் பொத்தலாகக் குமிழிவிடும். காற்று அடித்தால், ஒட்டைக் காற்று படாமல் மூடும் ஆர்கன் வாயு கலைந்துவிடும் என்பதால் கூடாரம் போட்டுத்தான் வேலை.

ஒட்டு நன்றாக விழுந்தாலும் பக்கத்துத் தகடு வலு இழக்கும். கப்பலுக்குப் போடும் 5083 ரக அலுமினியத் தகடு 215 மெகாபாஸ்கல் (இழுவிசையை அளக்கும் அலகு) வரை தாங்கும். வெல்டிங் சூடு பட்ட பட்டையில் அது 125க்கு இறங்கிவிடும். நல்ல வடிவமைப்பாளர் அந்தச் சின்ன எண்ணை வைத்துத்தான் கணக்குப் போடுவார். கதவு, ஜன்னல் மூலைகளை வளைத்து வெட்டுவார், ஒட்டை அந்த மூலையிலிருந்து தள்ளி வைப்பார்.

உருக்கு உடலின் மேல் அலுமினிய மேற்கட்டு வைக்கும்போது, இரண்டையும் நேரே வெல்ட் பண்ண முடியாது. கண்ணாடி போல் நொறுங்கும் கலவைதான் உண்டாகும். அதற்காக வெடி வைத்து ஒன்றோடொன்று அழுத்திப் பிணைத்த இரட்டை உலோகப் பட்டை உண்டு. கீழ்ப்பக்கத்தை உருக்கோடும், மேல்பக்கத்தை அலுமினியத்தோடும் ஒட்டுவார்கள். பிணைப்புக் கோடு ஏறக்குறைய 300 பாகைக்கு மேல் சூடாகாதபடி சிறு சிறு துண்டாக வெல்ட் பண்ணி, ஆறவிட்டுத் தொடர வேண்டும். அவசரக்காரனுக்கு ஏற்ற வேலையல்ல.

உப்புநீர் வந்ததும் இரண்டு உலோகமும் பற்றரியாகிவிடும். அமெரிக்கக் கடற்படையின் ‘இன்டிபென்டன்ஸ்’ 127 மீற்றர் நீளமான, மூன்று உடல் கொண்ட அலுமினியக் கப்பல். 2010இல் சேவைக்கு வந்த அதன் நீர்த்தாரை உந்திப் பகுதியில் 2011லேயே அரிப்பு தெரிந்தது. உருக்கை ஒட்டியிருந்த அலுமினியம் கரைந்துகொண்டிருந்தது. இங்கே பலரும் தலைகீழாகச் செய்வார்கள்: கரையும் அலுமினியத்துக்கு மட்டும் பெயின்ட் அடிப்பார்கள். கீறல் விழுந்தால் மொத்த மின்னோட்டமும் அந்தக் கீறலிலேயே குவிந்து ஆழமாகத் துளைத்துவிடும். உருக்குப் பக்கத்தையும் பூசியாக வேண்டும். செம்பு கலந்த பாசித் தடுப்பு பெயின்ட் அலுமினிய உடலுக்கு ஆகவே ஆகாது. போல்ட் ஒவ்வொன்றுக்கும் நைலோன் உறையும் வாஷரும் போட வேண்டும். தகரத்துக்குத் துத்தநாகம் போல, உடலிலும் தாம் கரைந்து உடலைக் காக்கும் தியாக உலோகத் துண்டுகள் பொருத்துவார்கள். சில கப்பல்களில் மின்சாரம் கொடுத்துக் காப்பார்கள். அதுவும் அளவு மீறினால் அலுமினியம் காரத்தில் கரையும்.

எஞ்சின் சேரும் இடத்துக்கு வருவோம். அதே அமெரிக்கக் கடற்படையின் ‘ஃபிரீடம்’ வகைக் கப்பல்களில் இரண்டு வாயுச் சுழலிகளும் இரண்டு டீசல் எஞ்சின்களும் ஒரு இணைப்புக் கியர் வழியாகக் கூட்டுச் சக்தி கொடுக்கும். சுழலிக்கும் டீசலுக்கும் வேகம் வேறு வேறு, சேர்ப்பது கிளட்ச். அதன் பேரிங்கில் வந்த குறையால் 2021 ஜனவரியில் புதிய கப்பல்களை ஏற்பதையே அமெரிக்கா நிறுத்தியது.

எஞ்சின் சக்தியைக் கொண்டுபோகும் சாஃப்ட்டை நேர்படுத்துவதில் ஒன்று கவனியுங்கள். உலர்தளத்தில் நேராக இருந்த உடல் தண்ணீரில் சற்று வளையும். மதிய வெயிலில் மேல்தளம் நீண்டு இன்னும் வளையும். எனவே கடைசி அளவை மிதக்கவிட்ட பின், விடியுமுன் எடுப்பார்கள். கருவி நீங்கள் ரோலருக்கு வைக்கும் அதே டயல் கேஜ்தான். பார்க்க வேண்டிய அளவு மில்லிமீற்றரில் நூறில் ஒரு பங்கு.

அன்புடன்.