நீல நாக்கு பற்றி: நம் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள பெற்றோர்களுக்கும், சனிக்கிழமை காலையில் பேரப்பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு நம் கடையின் பலகார, கைவேலை வகுப்புக்கு வரும் தாத்தா பாட்டிகளுக்கும் வணக்கம்.

கடந்த வாரத்திலிருந்து புலனக் (வாட்ஸ்அப்) குழுக்களில் ஒரு படம் சுற்றிக்கொண்டிருக்கிறது. நீங்கள் பார்த்திருப்பீர்கள், பார்க்காதவர்களுக்கும் இந்நேரம் யாராவது அனுப்பியிருப்பார்கள். வாயை அகலத் திறந்து நீல நாக்கைக் காட்டிச் சிரிக்கிறது ஒரு பிள்ளை. கீழே, பிள்ளைகளுக்குச் சாயம் கொடுக்கும் கடை இது, எச்சரிக்கையாக இருங்கள் என்று எழுதியிருக்கிறது. கடையின் பெயரைப் போடவில்லை. போட வேண்டிய அவசியமும் இல்லை. பின்னால் தெரியும் நம் கடையின் பச்சைக் கதவையும் கிளி வரைந்த ஏப்ரனையும் அடையாளம் தெரியாத தமிழ்க் குடும்பம் ஜோர்ஜ்டவுனில் குறைவு. கடல் தாண்டி பட்டர்வொர்த்திலிருந்தும் அழைத்துக் கேட்டுவிட்டார்கள்.

விலை அதிகம் என்று பேசினால் பொறுத்துக்கொள்வேன். வகுப்பில் சத்தம் அதிகம் என்றால் மறுக்க மாட்டேன், சத்தம்தான்; பத்துப் பிள்ளைகளும் ஒரு முறுக்கு அச்சும் இருக்கும் இடத்தில் வேறு என்ன இருக்கும்? ஆனால் பிள்ளைகளுக்குச் சாயம் ஊட்டினேன் என்பதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. இந்தக் கடையைத் திறப்பதற்கு முன் நான் பாலர் பள்ளி ஆசிரியையாக இருந்தவள் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். ஆகவே இந்த மடலில் அதைப் பற்றித்தான் அதிகம் எழுதப் போகிறேன். நீளமாகிவிட்டால் பொறுத்தருள வேண்டும்.

அந்தப் படம் எடுத்த அன்று பிள்ளைகள் வகுப்பில் சாப்பிட்டது சங்குப்பூக் கொழுக்கட்டை. சங்குப்பூ நமக்குப் புதிய பொருளா? வேலியில் படரும் கொடி. காலையில் பறித்துச் சாமி படத்துக்கு வைப்போம். மலாய்க்காரர்கள் அதையே புங்கா தெலாங் என்கிறார்கள். கிளந்தானின் நாசி கெராபு என்னும் சோற்றுக்கு நீல நிறம் அதிலிருந்துதான் வருகிறது. நம் பினாங்கு நியோன்யாக்கள் (மலாய்ப் பழக்கங்கள் கலந்த சீன மரபுப் பெண்கள்) புலுட் தைதை என்னும் பசையரிசிப் பலகாரத்தில் நீலத் திட்டுகள் போடுவதும் இதே பூவால்தான். அதைக் காயா என்னும் தேங்காய்ப்பால் முட்டை ஜாம் தொட்டுச் சாப்பிட்டுவிட்டு நாக்கைக் கண்ணாடியில் பார்க்காதவர்கள் இந்த ஊரில் யார்?

செய்முறையையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். காய்ந்த பூக்கள் இருபது, இருபத்தைந்து எடுத்து, அடியில் இருக்கும் பச்சைக் காம்பைக் கிள்ளிவிட்டு, ஒரு கப்புக்குச் சற்றுக் கூடுதலான கொதிநீரில் பத்து நிமிடம் போட்டு மூடிவைக்கிறோம். வடிகட்டி, மறுபடியும் கொதிக்கவைத்து, ஒரு சிட்டிகை உப்பும் ஒரு தேக்கரண்டி எண்ணெயும் விட்டு, ஒரு கப் வறுத்த அரிசி மாவில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கிளறுகிறோம். இதுவரை பெரியவர்கள் வேலை. கை பொறுக்கும் சூட்டுக்கு மாவு ஆறிய பிறகுதான் பிள்ளைகளின் கைக்குப் போகும். உள்ளே வைப்பது தேங்காய்த் துருவலும் குலா மலாக்கா என்னும் தென்னைச் சர்க்கரையும். பத்து நிமிடம் ஆவியில் வேகும். இதில் சாயத்துக்கு எங்கே இடம்?

படத்தில் ஓரமாக ஒரு நீலப் புட்டி தெரிகிறதே என்று கேட்கிறார்கள். தெரிகிறது. அது பின்சுவர் அலமாரியில் இருந்த, கோலத்துக்கான வண்ணம். தீபாவளிக்கு வண்ண அரிசிக் கோலம் போடுவது இங்கே கடைத்தொகுதிகளிலிருந்து வீட்டு வாசல்வரை வழக்கமாகிவிட்டது அல்லவா? அதற்குப் பச்சரிசியில் ஒரு கரண்டி வினிகரும் சில சொட்டு வண்ணமும் விட்டு, பையில் கட்டிக் குலுக்கி, தாளில் பரப்பிக் காயவைப்போம். அது தரையில் கொட்டும் அரிசி, உண்பதற்கு அல்ல. கைப்பேசிப் படத்தில் அலமாரியும் மேசையும் ஒட்டிக்கொண்டு தெரிந்தால் அதற்கு அலமாரி என்ன செய்யும்? ஆனாலும் இப்போது அந்தப் புட்டிகள் எல்லாம் மாடிக்குப் போய்விட்டன.

இன்னும் நம்பிக்கை வராதவர்கள் வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். பூ ஊறிய நீலத் தண்ணீரில் எலுமிச்சைச் சாறு சில சொட்டு விடுங்கள். கண்ணெதிரே ஊதாவாக மாறும். இன்னும் விட்டால் இளஞ்சிவப்புப் பக்கம் போகும். சமையல் சோடா ஒரு சிட்டிகை போட்டால் பச்சை தட்டும். பூவில் இருக்கும் ஆந்தோசயனின் என்னும் நிறமி, புளிப்புக்கு ஒரு நிறமும் காரத்தன்மைக்கு ஒரு நிறமும் காட்டும். புட்டியில் விற்கும் செயற்கை நீலத்தில் எலுமிச்சை பிழிந்து பாருங்கள். அது நீலமாகவே உட்கார்ந்திருக்கும். இந்த ஒரு சோதனை போதும். அன்றைய வகுப்பிலேயே நான்கு கண்ணாடிக் குவளைகளை வைத்துப் பிள்ளைகள் இதைத்தான் செய்தார்கள். புளித்தண்ணீர் விட்டால் என்ன ஆகும் என்று ஒரு ஐந்து வயதுக்காரி தானாகவே கேட்டாள். விட்டுப் பார்த்தோம். ஊதாவானது. இந்தக் கேள்விக்காகத்தான் வகுப்பே நடத்துகிறேன். ஆனால் அதைப் படம் எடுத்து அனுப்ப யாருக்கும் தோன்றவில்லை.

அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2021இல் சங்குப்பூச் சாற்றை உணவு நிறமாகச் சேர்த்துக்கொள்ள அனுமதி கொடுத்தது. நம் பாட்டிகளுக்கு அந்த அனுமதி தேவைப்படவில்லை. ஆனால் பாட்டி சொன்னால் ஏற்காதவர்கள் அமெரிக்கா சொன்னால் ஏற்பார்கள் என்பதால் இதையும் எழுதுகிறேன்.

அந்தப் படத்தைக் குழுவுக்கு அனுப்பிய தாயாரைப் பற்றி எனக்கு வருத்தம் இருக்கிறது, கோபம் இல்லை. பிள்ளையின் நாக்கு திடீரென்று நீலமாக இருந்தால் எந்தத் தாய்க்கும் நெஞ்சு பதறும். ஆனால் கடையின் எண் அவரிடம் இருக்கிறது. குழுவுக்கு அனுப்புவதற்கு முன் எனக்கு ஒரு வரி அனுப்பியிருக்கலாம். வகுப்பில் அவருடைய பிள்ளையின் இடத்தை வேறு யாருக்கும் கொடுக்கவில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

பிள்ளைகள் வாயில் எது போகிறது என்பதில் நாங்கள் கெடுபிடி என்றுதான் இதுவரை குறை வந்திருக்கிறது. ஒரு வயது நிரம்பாத தம்பி தங்கையை மடியில் வைத்துக்கொண்டு வரும் அம்மாக்கள் தேன் தடவிய அப்பத்தை அதன் வாயில் வைக்கப் போகும்போது ஓடிவந்து தடுப்பது நான்தான். தேனில் இருக்கக்கூடிய கிருமி அந்த வயதுக் குடலில் முளைத்து நஞ்சாகும். ஐந்து வயதுக்குக் குறைந்தவர்களுக்கு முழு வேர்க்கடலை கொடுப்பதில்லை. திராட்சையை நீளவாக்கில் நறுக்கித்தான் தட்டில் வைப்போம். உள்ளே சர்க்கரை வைத்த பசையரிசி உருண்டையான புவா மெலாக்கா செய்யும்போது சின்னவர்களுக்கு முதலில் உருட்ட மட்டும்தான் அனுமதி. பசையரிசி தொண்டையில் ஒட்டும், உள்ளே உருகிய சர்க்கரை நாக்கைச் சுடும். ஆறவைத்து, பாதியாக வெட்டி, பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்தால்தான் உண்ணக் கொடுப்போம். இவ்வளவு செய்கிறவர்கள் மீது சாயப் பழி.

இதோடு சேர்ந்து வந்த இன்னொரு குறைக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். பிள்ளைகள் பிசைந்து உருவம் செய்ய விளையாட்டு மாவு கிண்டி, உணவுப் பொருளை விளையாட்டாக்குகிறோம் என்று ஒரு தாத்தா வருத்தப்பட்டார். நியாயமான வருத்தம். ஆனால் விளையாட்டு மாவுக்கு மைதா ஒரு கப், உப்பு அரை கப், கிரீம் ஆஃப் டார்ட்டார் இரண்டு தேக்கரண்டி, தண்ணீர் ஒரு கப், எண்ணெய் ஒரு மேசைக்கரண்டி, அவ்வளவுதான். அடுப்பில் கிண்டி டப்பாவில் மூடிவைத்தால் வாரக்கணக்கில் வரும். அந்த ஒரு உருண்டையில் பிள்ளைகள் ட, ப, ம என்று திரித்து வைக்கிறார்கள். நேர்க்கோடு அதிகம் உள்ள எழுத்துகள் என்பதால் அவற்றில் தொடங்குகிறோம். அ, இ எல்லாம் கை பழகிய பிறகு. பென்சில் பிடிக்க மறுத்த பிள்ளைகள் இந்த மாவில் எழுத்து படித்திருக்கிறார்கள். உப்பு அதிகம் என்பதால் விழுங்கக் கூடாது. மூன்று வயதுக்குக் குறைந்தவர்களுக்கு இதைக் கொடுக்கவும் மாட்டோம். கோதுமை ஒவ்வாத பிள்ளை இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள், அரிசி மாவில் செய்து வைக்கிறோம்.

இனிக் கடைக் கணக்கு. ஐந்து பேருக்குக் குறைவாக வேலைக்கு வைத்திருக்கும் எங்களைப் போன்ற கடைகளுக்கும் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட் என்பது 2025 ஆகஸ்ட் 1இல் நடைமுறைக்கு வந்தது. முட்டைக்கு அரசு கொடுத்துவந்த மானியம் மே மாதத்தில் பாதியாகி, அதே ஆகஸ்ட் 1இல் அடியோடு நின்றது. சம்பளம் கூடியதில் எனக்குக் குறை இல்லை. எங்கள் பெண்கள் அதற்குத் தகுதியானவர்கள். ஆனால் முட்டை உடைக்கப் பழகும் வகுப்பில் பாதி முட்டை மேசையில்தான் உடையும் என்பது உங்களுக்கே தெரியும். தேங்காய் விலையைப் பற்றி எழுதினால் இன்னொரு மடல் வேண்டும். தாள்வேலை சொல்லிக்கொடுத்த தங்கையும் திருமணமாகி ஜொகூருக்குப் போய்விட்டார். அவர் கையில் ஒரு பழைய நாளிதழ் ஐந்து நிமிடத்தில் மயிலாகும். அப்படி ஓர் ஆள் உடனே கிடைப்பதாக இல்லை. அதனால் சனிக்கிழமை மாலை வகுப்பு இப்போதைக்கு இல்லை, வகுப்புக் கட்டணம் அடுத்த மாதம் முதல் 35க்குப் பதிலாக 45 ரிங்கிட், தவறிய வகுப்புக்கு மாற்று வகுப்பும் இராது. அண்ணன் தம்பி சேர்ந்து வந்தால் இரண்டாவது பிள்ளைக்குப் பழைய கட்டணமே.

இந்த ஒரு வாரத்தில் எனக்குத் தெம்பு கொடுத்தவர்கள் நீங்கள்தான். பிறையிலிருந்து வரும் ஓர் அம்மா, நான் கேட்காமலேயே அந்தக் குழுவில் எலுமிச்சைச் சோதனையைத் தானே செய்து காணொளியாகப் போட்டிருக்கிறார். நிபோங் திபாலில் இருந்து ஒரு பாட்டி, தன் வீட்டு வேலியில் பறித்துக் காயவைத்த சங்குப்பூவை ஒரு பால்மாவு டின் நிறைய அனுப்பியிருக்கிறார். கால் ஆடும் முக்காலிகளை ஆணியடித்துச் சரிசெய்து, ஒரு கோப்பை தே தாரிக் தவிர எதையும் வாங்கிக்கொள்ளாமல் போகும் தாத்தாவும் இருக்கிறார். அவருக்குப் புலனம் என்றால் என்னவென்றே தெரியாது. தெரியாமல் இருப்பது நல்லது.

2020 மார்ச் 18இல் கோவிடுக்காக நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து கதவை மூடியபோதும் இப்படித்தான் நின்றீர்கள். மாவும் தாளும் வண்ணமும் பொட்டலம் கட்டி வீட்டு வாசலில் வைத்துவிட்டுப் போவோம். அன்று இரவே பிள்ளைகள் செய்ததைப் படம் எடுத்து அனுப்புவீர்கள். சிலர் பொட்டலம் வேண்டாம், பணத்தை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். நான் பொட்டலத்தையும் சேர்த்தே அனுப்பினேன். குயின் ஸ்திரீட் மாரியம்மன் கோயிலுக்குப் போகும் வழியில் இந்தப் பழைய கடைவீட்டில் இன்னும் பிள்ளைகள் சத்தம் கேட்கிறதென்றால் அதற்குக் காரணம் அந்த மாதங்களில் நீங்கள் செய்தது. நன்றி என்ற சொல்லை இதற்குமேல் எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

தீபாவளி வரை இனி வரும் வகுப்புகளில் அகல் விளக்குக்கு வண்ணம் தீட்டுவது, முறுக்குப் பிழிவது, கால் கப் அரை கப் அளந்து கணக்குப் படிப்பது, வண்ண அரிசிக் கோலம் ஆகியவை உண்டு. எண்ணெய்ச் சட்டிப் பக்கம் பிள்ளைகள் வர மாட்டார்கள். பிழிந்த முறுக்கை நாங்கள் பொரித்து வெளியே கொண்டுவருவோம். சங்குப்பூக் கொழுக்கட்டையும் மீண்டும் உண்டு. அதை நிறுத்தப் போவதில்லை. பிள்ளைக்கு வேண்டாம் என்று நினைக்கும் பெற்றோர் சொன்னால் வெள்ளைக் கொழுக்கட்டை தனியாக வேகும்.

வகுப்பு நடக்கும்போது பெற்றோர் உள்ளே வந்து உட்காரலாம். முன்பும் உட்காரலாம்தான், ஆனால் பலர் எதிர்க்கடையில் துணி பார்க்கப் போய்விடுகிறீர்கள். இனி பலகாரம் உண்ணும் நேரத்தில் ஒருவராவது கூட இருந்தால் நல்லது. எந்த வகுப்புக்கும் வியாழக்கிழமை மாலைக்குள் பெயர் கொடுத்துவிடுங்கள். அதன் பிறகு தேங்காய் வாங்கிவிடுவோம். ஏப்ரன் இருந்தால் கொண்டுவாருங்கள். எங்களிடம் இருப்பவை பாதிக்குமேல் நைந்துவிட்டன.

இப்படிக்கு,
உங்கள் கடைக்கார அக்கா
ஜோர்ஜ்டவுன், பினாங்கு