பாப்பாவுக்குக் கயிறு கொடுத்தனுப்புகிறேன்

அன்புள்ள கண்ணு,

நானும் அப்பாவும் நலம். தென்னைக்குத் தண்ணீர் பத்தவில்லை என்று அவர் புலம்புவதும் வழக்கம்போல நடக்கிறது. எதிர்வீட்டுப் பையன் பெங்களூர் வருகிறான். அவனிடம் ஒரு பை கொடுத்திருக்கிறேன். மாவடு, ராகி மாவு, கூடவே பாப்பாவுக்குக் கயிறு.

ஞாயிற்றுக்கிழமை போனில் பாப்பா எல்லாம் சொன்னாள். கயிற்றின் ஒரு முனையை ஜன்னல் கம்பியில் கட்டிவிட்டு, மறுமுனையை நீயே பிடித்துச் சுற்றினாயாமே. ஆபீஸ் விட்டு வந்து பிள்ளையோடு இப்படி விளையாடுகிற அப்பன் எத்தனை பேர்? கேட்கப் பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் கம்பியில் கட்டினால் அவ்வளவு சரிவராது கண்ணு. இரண்டு பக்கமும் ஆள் பிடித்துச் சுற்றினால் நடுவில் நன்றாகத் தொய்ந்து தரையைத் தொட்டுப் போகும், குதிக்கிற பிள்ளைக்கும் தாளம் பிடிபடும். மருமகளுக்கு இப்போது வேலை அதிகமோ? வீட்டுக்கு வர நேரமாகிறதோ? சும்மாதான் கேட்டேன்.

பையில் இருப்பதில் வெள்ளைக் கயிறு நூல் கயிறு. ஸ்கிப்பிங்குக்கு அதை எடு. பாப்பாவைக் கயிற்றின் நடுவில் நிற்கவைத்து, இரண்டு முனையையும் மேலே தூக்கிப் பார். அக்குள் வரை வந்தால் அவளுக்கு அளவு சரி. மீதியை வெட்டாதே, முடிச்சுப் போட்டு வை, வளர்கிற பிள்ளை.

நார்க்கயிறு அப்பா திரித்தது. நாரை நனைத்து, திண்ணையில் உட்கார்ந்து, இரண்டு புரியையும் ஒரே பக்கமாக முறுக்கினார். பிறகு இரண்டையும் சேர்த்து எதிர்ப்பக்கமாக முறுக்கினார். அப்படிச் செய்தால்தான் ஒன்றை ஒன்று பிடித்துக்கொள்ளும், விட்டாலும் பிரியாது. இந்த வயதில் உள்ளங்கை சிவந்துபோக உட்கார்ந்து திரிக்கிறார். நீ போனில் "அப்பாகிட்ட குடும்மா" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். சரி, விடு.

அந்த நார்க்கயிற்றில் பிரிமணை செய்யச் சொல்லிக்கொடு. வட்டமாகச் சுருட்டிக்கொண்டே வந்து, ஒவ்வொரு சுற்றையும் முந்தின சுற்றோடு கோணி ஊசியால் தைத்தால் போதும். சூடான பாத்திரம் வைக்க ஆகும். ஊசியை நீ பிடி. உறி கட்டவும் மருமகளுக்குத் தெரியும். போன தடவை வந்தபோது என் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொண்டு, பால்கனியில் பூந்தொட்டி தொங்கவிடுவேன் அத்தை என்றாள். கட்டினாளா? மேக்ரமே என்று பேர் வைத்து அங்கே கடையில் ஆயிரம் ரூபாய்க்கு விற்கிறார்கள் என்றுகூடச் சொல்லிச் சிரித்தாள். அந்தத் தொட்டிக்கு இப்போது யார் தண்ணீர் ஊற்றுகிறார்கள்?

இங்கே பொங்கலுக்குக் கயிறு இழுக்கும் போட்டியில் நம் தெருதான் ஜெயித்தது. கடைசி ஆளாக உன் மாமாதான், வேறு யார். 1900லிருந்து 1920 வரை இது ஒலிம்பிக்கிலேயே இருந்ததாம், அப்பா எங்கோ படித்துவிட்டு வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். எல்லார் வீட்டுப் பிள்ளைகளும் வந்திருந்தார்கள். நீங்கள் ஏன் வரவில்லை என்று உன் அத்தை கேட்டாள். லீவு கிடைக்கவில்லை என்றேன். மருமகளுக்குமா என்றாள். ஆமாம் என்றேன்.

பாப்பாவோடு இழுத்து விளையாடும்போது கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ள விடாதே. பிடிக்கத்தான் வேண்டும், சுற்றக்கூடாது. பாம்பு விளையாட்டு இன்னும் சுலபம். நீ தரையில் கயிற்றை நெளித்து ஆட்டு, அவள் மிதிக்காமல் தாண்டட்டும். அதற்கு ஒரு ஆள் போதும். விளையாடி முடித்ததும் எடுத்து மேலே வைத்துவிடு. கயிற்றோடு பிள்ளையைத் தனியாக விடாதே. கையில் சுற்ற விடாதே, திரும்பவும் சொல்கிறேன்.

பாப்பா இப்போதெல்லாம் ஒற்றைப் பின்னல்தான் போடுகிறாள் போல. போட்டோவில் பார்த்தேன். நீ பின்னினாயா? கோணல்தான், பரவாயில்லை. மூன்று கால் எடுத்துப் பின்னுகிற அதே வேலைதான் கயிற்றிலும், அதிலே பழகு. மருமகள் ரெட்டைப் பின்னல் போட்டு, நுனியில் ரிப்பனை மடக்கிக் கட்டுவாள். அவளுக்கு நான் போன் போட்டால் எடுப்பாளா? எடுக்காமல் போனால் எனக்குத் தாங்காது, அதனால்தான் போடவில்லை.

எங்களிடம் எதையும் சொல்ல வேண்டும் என்று இல்லை. சம்பந்தியிடமும் நான் எதுவும் கேட்கவில்லை.

கிருஷ்ணகிரியில் மாங்கனிக் கண்காட்சி போடும்போது வருவதாகப் பாப்பா சொன்னாள். செந்தூரா மரத்தில் இந்த வருஷம் காய் நிறைய. மருமகளுக்கு அதுதான் பிடிக்கும், பறிக்காமல் வைத்திருக்கிறேன். திண்ணைக் கட்டில்கள் தொய்ந்துவிட்டன, கால்மாட்டில் கயிறும் அறுந்திருக்கிறது. வருகிற ஞாயிறு அப்பா போச்சம்பள்ளி சந்தைக்குக் கயிறு வாங்கப் போகிறார். ஒரு கட்டில் பின்னினால் போதுமா, இரண்டுமா என்று கேட்கிறார். சனிக்கிழமைக்குள் சொல்.

அம்மா