பட்ஜெட் என்றால் பை

ஆசிரியருக்கு வணக்கம்.

கடந்த ஞாயிறு இணைப்பில் வந்த வரவு செலவுத் திட்டம் பற்றிய கட்டுரையில், பட்ஜெட் என்பது தூய ஆங்கிலச் சொல் என்றும், நிதியமைச்சர்கள் தோல் பெட்டியோடு வந்தது வெறும் சம்பிரதாயம் என்றும் எழுதப்பட்டிருந்தது. புதுச்சேரியில் 28 ஆண்டுகள் பிரெஞ்சு கற்பித்த எனக்கு மனம் பொறுக்கவில்லை.

பழைய பிரெஞ்சில் 'பூஜ்' என்றால் தோல் பை. அதில் சிறியது 'பூஜெத்'. பயணம் போகிறவர்கள் கூடவே கொண்டுபோகும் பை. லத்தீனில் இது 'புல்கா'. லத்தீனுக்கே இச்சொல்லைக் கொடுத்தவர்கள், ரோமானியர் வருவதற்கு முன்பே பிரான்சில் வாழ்ந்த கெல்ட் இனத்தவர். அவர்களுடைய உறவு மொழியான ஐரிஷில் 'பொலக்' என்றால் இன்றும் வயிறு. புடைப்பைக் குறிக்கும் ஆங்கில 'பல்ஜ்' கூட 'பூஜ்' வழி வந்ததுதான்.

ஒரு முறை வகுப்பில் இதைச் சொன்னபோது, அரியாங்குப்பத்திலிருந்து வந்த மாணவி ஒருத்தி, "எங்கள் ஆயா இடுப்பில் செருகியிருக்கும் சுருக்குப்பை மாதிரியா?" என்று கேட்டாள். ஆயாவின் பை துணி, பூஜெத் தோல், அவ்வளவுதான் வேறுபாடு. அதன் பிறகு ஒவ்வோர் ஆண்டும் அவள் சொன்ன உவமையைத்தான் நான் பயன்படுத்தினேன்.

15ஆம் நூற்றாண்டில் 'பூஜெத்' ஆங்கிலத்துக்குப் போய் 'பட்ஜெட்' ஆனபோதும் பொருள் பைதான். 1733இல் பிரிட்டனில் பிரதமர் ராபர்ட் வால்போல் ஒயினுக்கும் புகையிலைக்கும் கலால் வரி விதிக்க முனைந்தார். அவரை எதிர்த்து, 'பட்ஜெட் திறக்கப்பட்டது' என்ற பொருள்படும் தலைப்பில் ஒரு துண்டு நூல் வெளியானது. போலி மருத்துவன் பையை அவிழ்த்துப் பொட்டலங்களை விநியோகிப்பதைப்போல வால்போல் தம் திட்டத்தை எடுத்து வைக்கிறார் என்பது அதில் இருந்த ஏளனம். ஏளனமாகச் சொன்னது நாளடைவில் அரசு வழக்காகிவிட்டது. அந்த நூற்றாண்டிலேயே பிரெஞ்சுக்காரர்கள் அதை ஆங்கிலத்திலிருந்து திரும்ப வாங்கி, 'புட்ஜே' என்று உச்சரிக்கத் தொடங்கினார்கள். தாய்வீட்டில் தங்கிய 'பூஜ்' என்ன ஆயிற்று தெரியுமா? சிற்றறை என்று பொருள் மாறி, இன்று அழுக்கடைந்த குடிசையையும் மட்டமான மதுக்கடையையும் குறிக்கிறது. அகராதியில் அதைப் பார்த்துவிட்டு என் மாணவர்கள் திகைத்து நின்றிருக்கிறார்கள்.

இத்தாலியர்கள் பட்ஜெட்டுக்குத் தராசிலிருந்து பிறந்த 'பிலான்சியோ'வையும், ஜெர்மானியர்கள் குடும்ப நிர்வாகத்தைக் குறிக்கும் 'ஹவுஸ்ஹால்ட்'டையும் வழங்குகிறார்கள். நம்மிடம் வரவு செலவுத் திட்டம், நிதிநிலை அறிக்கை என இரண்டு நல்ல சொற்கள் உள்ளன. ஆனாலும் சந்தையில் காய்கறி வாங்கும்போதுகூட பட்ஜெட் என்றுதான் பேசுகிறோம். அதனால் அதன் பிறப்பு நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

1947 நவம்பர் 26 அன்று கோவையைச் சேர்ந்த ஆர்.கே. சண்முகம் செட்டியார் சுதந்திர இந்தியாவின் முதல் பட்ஜெட்டைத் தாக்கல் செய்தார். அவருக்குப் பின் வந்தவர்கள் நெடுங்காலம் சுமந்த தோல் பெட்டி, அச்சொல்லின் பழைய பொருளையே கையில் ஏந்தி நின்றது. 2019இல் சிவப்புத் துணி உறை வந்தது, 2021இல் கைக்கணினி வந்தது. பெட்டி போய்விட்ட இந்த நேரத்தில் அதை வெறும் சம்பிரதாயம் என்று அச்சிட்டால், அதைக் கண்ணால் பார்த்திராத பிள்ளைகள் அப்படியே நம்பிவிடுவார்கள்.

திருத்தம் ஒன்று வெளியிடுங்கள். மாணவர் பக்கத்தில் வாரம் ஒரு சொல்லின் கதைக்கு ஒரு பத்தி ஒதுக்குங்கள். முதல் வாரத்துக்குப் பூஜெத்தை எழுதித் தர நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பிரெஞ்சு ஆசிரியை,
முத்தியால்பேட்டை, புதுச்சேரி.