பாலக்கோட்டுத் தையல் அக்காவுக்கும், கைகொடுத்த எல்லோருக்கும்

லடாக்கில் டவர் வேலைக்குப் போன தருமபுரிக் குழுவின் நன்றி மடல் இது. அங்கே கடுங்குளிரில் எங்கள் குழுத் தம்பியின் கைவிரல்கள் உறைந்துபோனது உங்களுக்கெல்லாம் தெரியும். அவன் பத்து விரலும் பிழைத்துவிட்டன. கட்டுப் பிரித்த கையோடு எழுதுகிறோம்.

முதல் நன்றி பாலக்கோட்டில் தையல் கடை வைத்திருக்கும் அக்காவுக்கு. ஜெர்கின்களை அளவு குறைக்கத்தான் கொடுத்திருந்தோம். யாரும் கேட்காமலே அவர் எல்லோருடைய கையுறைகளையும் வாங்கி, கழற்றினாலும் விழாமல் தொங்கும்படி இரண்டு கையுறையையும் ஒரே நாடாவால் இணைத்துத் தைத்தார். கையை விரிக்கச் சொல்லி, ஒரு மணிக்கட்டிலிருந்து முதுகு வழியாக மறு மணிக்கட்டு வரை அளந்து, அதற்கு மேல் ஒரு சாண் தளர்வு விட்டார். தளர்வு இல்லாவிட்டால் கையைத் தூக்கும்போது இழுக்கும். பருத்தி நாடா வியர்வையில் நனைந்து கம்பி மாதிரி விறைத்துவிடும் என்பதால் நைலான் நாடா. முனைகளில் இரட்டைத் தையல். நாடா ஜெர்கின் கைக்குள்ளேயே ஓட வேண்டும், வெளியே தொங்கினால் மெஷினில் சிக்கும்.

இதன் அருமை அங்கே வேலை செய்தவர்களுக்குத் தெரியும். போல்ட் முடுக்கத் தடித்த கையுறையைக் கழற்றியே ஆக வேண்டும். உள்ளே போட்ட மெல்லிய கையுறையோடு ஒரு நிமிஷ வேலை, உடனே தடித்ததை மாட்டிக்கொள்ள வேண்டும். டவர் மேலே கழற்றி வைத்தது காற்றோடு போனால் போனதுதான். வெறும் கையை வைத்தால் இரும்பு தோலைப் பிடித்துக்கொள்ளும். டீசல் அதைவிட மோசம். 2019-ல் லடாக்குக்கென்று வந்த குளிர்கால டீசல் மைனஸ் 33 டிகிரியிலும் உறையாது. வண்டிக்கு அது வரம். கையில் சிந்தினால் வெளியில் இருக்கும் குளிர் அத்தனையும் அப்படியே தோலில் இறங்கும்.

ஜிப்களிலும் விரல் நீளத்துக்கு நாடா வளையம் கட்டியிருந்தார் அக்கா, கையுறையோடே இழுக்கலாம். வேர்ப்பதற்கு முன்பே ஜிப்பைத் திறந்து சூட்டை வெளியேற்றுவதுதான் அங்கே பாதிப் பாதுகாப்பு. நனைந்த உடம்பு வேலை நின்றதும் விறைக்க ஆரம்பிக்கும். கூலி நீட்டினோம். "நல்லபடியா வந்து சேருங்க சாமி, அது போதும்" என்று சொல்லிவிட்டார்.

ஓய்வுபெற்ற ராணுவத்து ஐயாவுக்கு நன்றி. பருத்தி பனியனையும் ஜீன்ஸையும் பையிலிருந்து எடுத்து வெளியே போட்டவர் அவர்தான். பூட்ஸ் ஒரு சைஸ் பெரிதாக இருக்கணும், உள்ளே விரல் அசையணும், மூன்று சாக்ஸைத் திணித்தால் ரத்த ஓட்டம் குறைந்து இன்னும் சில்லிடும் என்றார். குளிரில் உறையும் இடம் வெளுப்பது நம் தோலில் சட்டென்று தெரியாது, சாம்பல் பூத்தாற்போல் மங்கி மரத்துப்போகும், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டே இருங்கள் என்று சொல்லி அனுப்பியதும் அவர்தான்.

தம்பியின் கையைத் தேய்க்கவிடாமல், நெருப்பில் காட்டவிடாமல், மறுபடி உறையாத இடத்துக்குக் கொண்டுபோன பிறகே 37 முதல் 39 டிகிரி வெந்நீரில் அரை மணி நேரம் வைத்த மருத்துவப் பணியாளர்கள், இரவோடு இரவாக வண்டி ஓட்டிய டிரைவர், இங்கே எங்கள் வீடுகளைப் பார்த்துக்கொண்ட ஊர்க்காரர்கள், உங்கள் எல்லோருக்கும் எங்கள் கும்பிடு.

இனி நம் மாவட்டத்திலிருந்து அந்தப் பக்கம் யார் புறப்பட்டாலும், பஸ் ஏறும் முன் அவர்கள் கையுறையை வாங்கிப் பார்ப்போம். நாடா இல்லையென்றால் பாலக்கோட்டுக்கு நாங்களே கூட்டிப் போகிறோம். அக்கா, அந்தக் கூலியையாவது நீங்கள் வாங்கிக்கொள்ள வேண்டும்.